பத்தில் சனி செவ்வாய்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டிலும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? இரைச்சல் குறைந்ததா? போனில் நீ "என்ன, என்ன" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் நான் கத்தி, பக்கத்து வீட்டில் அக்கா தம்பிக்குள் சொத்துச் சண்டை என்று முடிவே கட்டிவிட்டார்கள். நமக்குக் கடிதம்தான் சரி.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல். நவம்பரில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. முப்பத்து நாலு வயது, சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவள். பெரிய டாக்டர் செய்தார். பக்கத்தில் நின்று கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தது நான். நல்லபடியாக வீட்டுக்குப் போனவள் மூன்றாவது வாரம் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துணி. ரத்தம் ஒற்றுகிற கைக்குட்டை அளவுத் துணி, நாங்கள் மாப் என்போம். நான்கு நாள் போராடிவிட்டுப் போய்விட்டாள்.

தைத்து மூடுவதற்கு முன்னால் மாப்புகளை எண்ணிச் சொல்வது என் வேலை. எண்ணினேன். இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடிகிறது.

விசாரணை வைக்கப் போகிறார்கள். எனக்கு நேரம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 17

அன்புள்ள வக்கீலுக்கு,

அக்காவின் ஆசிகள். வீட்டில் கேட்டதாகச் சொல். என் காது அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கிறது. ஜாதகம் பார்க்க வருகிறவர்களிடம் கேள்வியைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்கிறேன். இதில் ஒரு லாபம் உண்டு. எழுதுகிற நேரத்தில் யாரும் அழுவதில்லை.

உன் ஜாதகத்தை நான் திறந்து பார்க்கவே வேண்டாம், மனப்பாடம். கடக லக்னம். பத்தாம் இடமான மேஷத்தில் சனியும் செவ்வாயும் சேர்ந்து நிற்கிறார்கள். பத்தாம் இடம் என்றால் தொழில். செவ்வாய் கத்தி, ரத்தம், அதிகாரம். மேஷம் அவனுக்குச் சொந்த வீடு. சனி உழைப்பாளி, மேஷத்தில் நீசம், அதாவது பலமெல்லாம் போய் நிற்கிறவன். எஜமான் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிற வேலைக்காரன் என்று வைத்துக்கொள். இந்தச் சேர்க்கை உள்ளவன் கத்தியும் ரத்தமும் இருக்கிற இடத்தில் பிழைப்பான். அங்கேயும் இன்னொருவன் கைக்குக் கீழேதான் இருப்பான். எதிர்த்துப் பேசினால் கெட்டான்.

சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் வாதாடிக்கொண்டிருந்தாய். அதனால்தான் உனக்கு வக்கீல் என்று பேர் வைத்தோம். நிஜமாகவே சட்டம் படிக்கிறேன் என்று நின்றாய். அப்பாகூட அரை மனதாக இருந்தார். நான்தான் கட்டத்தைக் காட்டி, "இவனுக்கு வாயால பிழைப்பு இல்ல, கையால தான்" என்று ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தேன். "மேல இருக்கறவங்களோட மல்லுக்கு நிக்காதே" என்றும் சொன்னேன். இருபத்தாறு வருஷம் ஆயிற்று, உன் மேல் ஒரு புகார் உண்டா?

அதே மருந்துதான் இப்போதும். பேசாமல் இரு, வந்தது போகும்.

இப்படிக்கு,
அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. இங்கே வீட்டுக்காரிக்கு முட்டிவலி, மற்றபடி சுகம்.

என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவதில்லை. உடை மாற்றுகிற அறையில் பெஞ்சில் உட்கார்ந்து பச்சைத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். நேற்று அந்தப் பெண்ணின் புருஷன் வராந்தாவில் என்னை நிறுத்தினார். கையில் ஒரு ஃபைல். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "நீங்கதானே சார் உள்ள இருந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். மேலே ஏதோ கேட்க வந்தார். காவலாளி வந்து கூட்டிப் போய்விட்டான்.

விசாரணைக் குழுவில் ஒரு காகிதம் தந்திருக்கிறார்கள். "இறுதி எண்ணிக்கை சரி என்று உதவியாளர் தெரிவித்ததன் பேரில் தையல் போடப்பட்டது." நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் தியேட்டர் வேலை போகும், ஸ்டோர் ரூமில் ஒரு வேலை தருவார்கள். போடாவிட்டால் பெரிய டாக்டரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கணித்ததை வைத்துச் சொல்லாதே, அக்கா. ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள வக்கீலுக்கு,

இங்கே சுகம். அவளை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்.

நான் போட்ட கட்டத்தில் சந்தேகமா? இருக்கட்டும். ஆபத்தில் இருக்கிறவன் கேட்கிறாய், முழுசாகவே போட்டுவிடலாம். கீழே ஜெராக்ஸ் கடையில் இருக்கிற பெண் கம்ப்யூட்டரில் ஜாதகம் போடுகிற புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறாள். பிறந்த தேதியும் நேரமும் தட்டினால் ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு கட்டமும் வந்து விழுகிறது. நான் ராத்திரி பகலாகக் கற்ற வித்தையை அது பட்டனில் செய்கிறது. உன்னுடையதையும் தட்டச் சொல்கிறேன். அதில் வருவதும் நான் போட்டதும் ஒன்றாக இருப்பதை உனக்கே அனுப்பிவைக்கிறேன். அப்புறம் வாயைத் திறக்க மாட்டாய்.

அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. பத்து நாளில் எழுதுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாள் தாண்டிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரியாவது எழுது.

நீ ஜாதகத்தோடு உட்கார்ந்திருப்பாய். அதனால் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்ணினேன் என்று எழுதினேனே, எவ்வளவு என்று எழுதவில்லை. பத்து இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது. "சார், ஒண்ணு குறையுது" என்றேன். பெரிய டாக்டர் தலையைத் தூக்காமல், "கீழ எங்கயாவது கிடக்கும், பாரு" என்றார். பார்த்தேன். கீழே இல்லை. நிமிர்ந்தபோது அவர் கையில் ஊசி இருந்தது.

இரண்டாவது தடவை உரக்கச் சொல்லி, போர்டில் எழுதி, தைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. சுவரிலேயே அந்த விதியை ஒட்டியிருக்கிறார்கள். கை கழுவுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கு நேராகத்தான் நிற்பேன். ஆனால் அவர் அப்போது கோபத்தில் இருந்தார், அடுத்த ஆபரேஷனுக்கு நேரமாகியிருந்தது. மேல இருக்கறவங்களோட மல்லுக்கு நிக்காதே என்று நீ சொன்னது அந்த நேரத்தில் காதில் கேட்டது. நிஜமாகவே கேட்டது, அக்கா. பேசாமல் நூலை வெட்டிக் கொடுத்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. என் கட்டம் அப்படி. சனி அப்படி நிற்கும்போது நான் வேறெப்படி நின்றிருக்க முடியும்? இப்படி நினைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது.

குழு மார்ச் இருபத்தைந்து வரை தவணை தந்திருக்கிறது. உன் பதிலுக்காகத்தான் கேட்டு வாங்கினேன்.

தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் சுகம்தான். இரண்டு வாரமாகத் தலைசுற்றல், காதினால் வருவது என்கிறார் டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மாடி அறையில் மத்தியானம் உட்கார முடியவில்லை.

நீ பிறந்தது காலையில் எத்தனை மணி என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். ஒரு கால் மணி முன்னே பின்னே இருக்குமா?

அவசரப்படாதே. அவள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது பத்து. அது எனக்கே நீ சொல்லித்தான் தெரியும். மணி பார்த்தது அப்பா, பின்னால் அவரிடம் கேட்டு நோட்டில் குறித்து வைத்தது நீ. இப்போது என்னிடம் கேட்கிறாயே.

தலைசுற்றல் என்றால் படுத்து ஓய்வெடு. வருகிறவர்களை ஒரு வாரம் திருப்பி அனுப்பு, ஊரில் யாருக்கும் எதிர்காலம் ஓடிப்போய்விடாது.

என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. வக்கீல் என்று கூப்பிடாமல் தம்பி என்று எழுதியிருந்தாய். வீட்டில் காட்டினேன். "உங்க அக்காவுக்கு ஏதோ கெட்டது தெரிஞ்சிருக்கு, சொல்ல மனசு வரல" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கெட்ட காலம் என்றால் கெட்ட காலம் என்றே எழுதிவிடு. எனக்கு ஒன்றும் ஆகாது.

இருபத்தைந்துக்குள் உன் கடிதம் வராவிட்டால், நீ ஜனவரியில் சொன்னதையே கடைசி வார்த்தையாக வைத்துக்கொள்கிறேன்.

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

நலம் விசாரிக்கிற யோக்கியதை இன்று எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் ஜாதகத்தில் சனியும் செவ்வாயும் சேரவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தாள். வேறு மாதிரி வந்தது. "உன் மெஷினுக்குப் பைத்தியம்" என்று அவளைத் திட்டிவிட்டு மேலே வந்தேன். உன் ஜாதகம் எழுதிய பழைய நோட்டை எடுத்தேன். நீ பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கங்கள் இரண்டைத் தேடி வாங்கினேன். உட்கார்ந்து முதலிலிருந்து போட்டேன். அதற்கப்புறம் ஒன்பது தடவை போட்டுவிட்டேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். நம் வீட்டில் இருந்தது வாக்கியப் பஞ்சாங்கம், பழைய சூத்திரப்படி கணிப்பது. செவ்வாயையும் மற்றதையும் அதிலிருந்து எடுத்தேன். சனி இருக்கிற பக்கத்தைக் காணோம், கிழிந்து போயிருந்தது. நூலகத்துக்குப் போய் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் கேட்டு, சனியை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். அது திருக்கணிதம், வானத்தில் கிரகம் நிஜமாக நிற்கிறபடி கணிப்பது. ஒரே கிரகத்தை இந்த இரண்டும் சில சமயம் வேறு வேறு வீட்டில் காட்டும். எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை எடு என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, அரிச்சுவடி தெரிந்த மிதப்பு. எந்தப் பஞ்சாங்கம் என்று அட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

வாக்கியப்படி செவ்வாய் மேஷத்தில், சனி இன்னும் மீனத்தில். திருக்கணிதப்படி சனி மேஷத்துக்கு வந்துவிட்டான், ஆனால் செவ்வாய் முதல் நாளே ரிஷபத்துக்குப் போய்விட்டான். எதை எடுத்தாலும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இல்லை. சேராவிட்டால் நான் சொன்ன அந்தப் பலனே கிடையாது. இதிலிருந்து ஒருவனையும் அதிலிருந்து ஒருவனையும் பிடித்து வந்து உன் பத்தாம் இடத்தில் சேர்த்து வைத்தது நான்.

அந்தக் கட்டத்தைக் காட்டித்தான் உன் சட்டப் படிப்பை நிறுத்தினேன். அதைக் காட்டித்தான் வாயை மூடு என்றேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே வெயிலைப் பற்றி எழுதினேன். நேரத்தைக் கேட்டது, கால் மணி மாறினால் நான் தப்பித்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கத்தான். மாறவில்லை.

கையெழுத்துப் போடாதே. ஒன்பது என்று சொன்னதைச் சொல். உரக்கச் சொல். உன்னைத் தடுக்க மேலே ஒருவனும் நிற்கவில்லை.

அக்கா

*

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

தலைசுற்றல் நின்றதா? உன் கடிதம் இன்று வரை வரவில்லை. நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னபடியே ஆயிற்று. ஐந்து நிமிஷ வேலை. குழுத் தலைவர் பேனாவைத் தந்தார், பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "குடும்பத்தைப் பாருப்பா" என்றார். இன்று முதல் ஸ்டோர் ரூம். ஜன்னல் இல்லாத அறை. கையுறைப் பெட்டிகளை அடுக்குகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல மனமில்லாமல்தான் நீ எழுதவில்லை, புரிகிறது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் வருகிறது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "மேல போட்டிருக்கீங்களே, இந்தப் பச்சைத் துணி மீட்டர் என்ன விலைங்க?" என்று கேட்டவள். அந்த முகம் வரும்போதெல்லாம் எனக்குள் சொல்லிக்கொள்வேன், இவள் விதியும் என் சனியும் அன்றைக்கு ஒரே அறையில் இருந்தன, நடுவில் நான் யார் என்று. அப்படிச் சொல்லிக்கொண்டால் சாப்பாடு இறங்குகிறது. நீ கற்ற வித்தை எனக்கு இந்த அளவுக்காவது உதவுகிறது. உனக்குப் புண்ணியம்.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பி,

உன் கடிதம் வந்தது. என் கடிதமும் இந்நேரம் அங்கே வந்திருக்கும். இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதே. அடுப்பில் போட்டுவிடு. காரணம் கேட்காதே.

பிரித்துவிட்டாயானால், என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஒரு நாள் முன்னால் எழுதியிருந்தால் போதாது, ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால் போதும். நாற்பது நாள் அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். கூடப் பிறந்தவனிடம் என்ன பெயர் வேண்டியிருக்கிறது?

போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று யாரையாவது கேள். பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. இங்கே அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ மாத்திரையை நிறுத்தாதே. ஆறு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

நீ தப்பாகப் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. படிப்பு போனதைப் பற்றியும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சட்டம் படித்திருந்தாலும் கோர்ட் வாசலில் கேஸ் இல்லாமல் நின்றிருப்பேனோ என்னவோ. வாய் இருந்தவர்கள் எல்லாம் பிழைத்துவிட்டார்களா?

குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணிக்கை ஒன்பது, ஒரு தடவைதான் சொன்னேன், இரண்டாவது தடவை சொல்லவில்லை என்று. முன்னால் கையெழுத்துப் போட்டவன் இப்போது மாற்றிச் சொல்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். ஸ்டோர் ரூம் வேலையும் போயிற்று. வீட்டில் இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறாள். மருந்துக் கடை ஒன்றில் ஜூன் முதல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தையல் கடைக்குப் போனேன். என் பத்தாம் இடத்தில் சனி நின்ற வரைக்கும் நான் அங்கே போக வேண்டியிருக்கவில்லை. கடை திறந்திருந்தது. புருஷனுக்குத் தையல் தெரியாது. மெஷினைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டு, அவள் தைக்காமல் விட்டுப்போன துணிகளைச் சீட்டில் இருக்கிற பெயரைப் பார்த்து உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்து, ஒன்பது, கீழே குனிந்து பார்த்தது, நூலை வெட்டிக் கொடுத்தது வரை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கையிலிருந்த சீட்டை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டாவது தடவை ஏன் சார் சொல்லல?" என்றார். சண்டை பிடிக்கிற குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது, அக்கா. பத்தொன்பது வயதிலிருந்து வைத்திருந்தேன். அதை நீ மார்ச்சில் வாங்கிக்கொண்டுவிட்டாய். எழுந்து வந்தேன். மறுபடியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் காத்திருப்பார்.

தம்பி